தென்துருவத்தில் போகம் முடியும் காலம்

பெப்ரவரி பிற்பகுதியில் மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரை வயல்களில் பெரும்போக அறுவடை நடைபெறும். மாடுகளை வளைத்துச் சூடு மிதித்த களவெட்டிகள் அருகிப்போய், அறுவடை இயந்திரங்கள் வந்து ஆண்டுகள் பலவாகிவிட்டன. ஆயினும் போகம் முடிப்பதற்கென்றுள்ள ஒழுங்கு மாறவில்லை. நெல் அளக்கப்படவேண்டும், கூலி கொடுபடவேண்டும், விதைநெல் தனியே ஒதுக்கப்படவேண்டும். இவை முடியாமல் எவரும் வயலைவிட்டு வீடு திரும்புவதில்லை.

அதே நாட்களில், இங்கிருந்து நேர் தெற்கே இன்னொரு போகமும் முடிவுக்கு வருகின்றது. மட்டக்களப்பு நகரின் நெடுங்கோட்டைப் பிடித்துக்கொண்டு தெற்கு நோக்கிச் சென்றால், இலங்கையின் தென்கரையைக் கடந்த பின்னர் வழியில் ஒரு தீவுகூட எதிர்ப்படாது. எட்டாயிரம் கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான அந்தப் பயணத்தின் முடிவில் நாம் காணும் முதற்கரை அந்தாட்டிக்காவின் பனிக்கரைதான். அந்த வகையில் அது நமக்கு அயற்கரை. அக்கரையில், நமது நெடுங்கோட்டிலிருந்து ஐந்தாறு பாகை மேற்கே, லார்செமன் குன்றுகளில் இந்தியாவின் ‘பாரதி’ ஆய்வு நிலையம் இருக்கின்றது. அங்கு கோடைகாலம் என்பது நவம்பரில் தொடங்கி மார்ச்சுடன் முடிந்துவிடும். அதற்குள் செய்ததே வேலை.

ஏன் இந்த அவசரம்? பெப்ரவரி கடந்ததும் கடல் மீண்டும் உறையத் தொடங்குகின்றது. கப்பல் உறைபனிக்குள் அகப்பட்டால் அடுத்த கோடைவரை காத்திருக்க நேரலாம். மே மாத இறுதியில் மறையும் சூரியன், அந்த அகலக்கோட்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு எழுவதில்லை. ஆகவே கப்பல் புறப்படும் நாளே அங்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. ஆய்வாளன் தன் ஆய்வு முடிந்ததா என்று கேட்பதில்லை. கப்பலுக்கு இன்னும் எத்தனை நாள் என்றே கேட்கின்றான்.

கப்பலைத் தவறவிட்டவர்களின் கதைகள் துருவ வரலாற்றில் உண்டு. அவற்றில் பெயர்பெற்றது அவுஸ்திரேலிய நிலவியலாளர் டக்ளஸ் மோசனுடையது. பனிச்சமவெளியில் இரு தோழர்களையும் இழந்து, பல வாரங்கள் தனியே நடந்தும் ஊர்ந்தும், 1913 பெப்ரவரி 8ஆம் நாள் அவர் தமது முகாமை அடைந்தார். அவரை ஏற்றிச்செல்ல வந்து காத்திருந்த ‘அவுரோரா’ கப்பல் அதற்குச் சில மணி நேரத்துக்கு முன்னர்தான் புறப்பட்டிருந்தது. வானொலித் தந்தி மூலம் கப்பல் திருப்பி அழைக்கப்பட்டது. காற்றின் சீற்றத்தால் கரையை நெருங்க முடியவில்லை. வேறொரு முகாமில் காத்திருந்த மற்றொரு குழுவையும் மீட்கவேண்டியிருந்த கப்பல் தலைவர் ஜோன் கிங் டேவிஸ், மேற்கு நோக்கிச் சென்றுவிட்டார். அவரைக் குறைகூறுவோர் குறைவு. மோசன் தனித்து விடப்படவுமில்லை. காணாமற்போன மூவரையும் தேடுவதற்கென்று ஆறு பேர் முகாமிலேயே தங்கியிருந்தனர். கணக்கில் மூன்று தலைகள் குறைந்திருக்கும்போது முகாமை முற்றாக மூடிவிட்டுச் செல்வது முறையல்ல என்று அவர்கள் கருதினார்கள். அந்த ஆறு பேரும் மோசனும் இன்னுமோர் ஆண்டைப் பனியில் கழித்து, 1913 டிசம்பரில்தான் மீண்டனர்.

இதற்கு ஓராண்டுக்கு முன்னர், அதே பெப்ரவரி மாதத்தில், இன்னுமொரு குழு தென்துருவத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. பிரித்தானியக் கடற்படை அதிகாரி ரொபேர்ட் பால்கன் ஸ்கொட்டும் நான்கு தோழர்களும் துருவத்தை அடைந்தபோது, நோர்வேயின் அமுண்ட்சென் தமக்கு முன்னரே வந்து சென்றிருப்பதைக் கண்டார்கள். தோல்வியுடன் திரும்பும் வழியில், பெயாட்மோர் பனியாற்றின் ஓரத்தில் அவர்கள் பாறை மாதிரிகளைச் சேகரித்தனர். உணவு குறைந்து, உடல் தளர்ந்து, சறுக்குவண்டியைத் தாமே இழுத்துச் சென்றவர்கள் அவர்கள். அந்நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோகிராம் எடையுள்ள கற்களைக் கைவிடவில்லை. 1912 நவம்பரில் தேடிச் சென்றவர்கள் அவர்களுடைய கூடாரத்தைக் கண்டபோது, எஞ்சியிருந்த மூவரின் உடல்களும், நாட்குறிப்புகளும், அந்தக் கற்களும் அங்கே கிடைத்தன.

அந்தச் சுமை அவர்களுடைய சாவை விரைவுபடுத்தியதா என்ற வாதம் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. ஆனால் கற்கள் சொன்ன செய்தியில் ஐயமில்லை. அவற்றில் ‘குளொசொப்ரெரிஸ்’ என்ற தொல் தாவரத்தின் இலைப் படிவங்கள் இருந்தன. இந்தியாவின் ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிப் படுகைகளில் அறியப்பட்ட அதே தாவரம்! பனி மூடிய அந்தக் கண்டத்தில் ஒருகாலத்தில் மரங்கள் வளர்ந்தன என்பதற்கும், தென்னுலக நிலங்கள் ஒன்றாக இருந்தன என்பதற்கும் அது வலுவான சான்றாயிற்று. அந்தப் பெருநிலத்துக்குக் ‘கொண்டுவானா’ என்று பெயர். நடு இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் நிலத்தின் பெயரிலிருந்து வந்தது. இலங்கையின் பழம்பாறைகளும் அந்தாட்டிக்காவின் கிழக்குக் கரைப் பாறைகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று நிலவியலாளர் பின்னர் நிறுவினர். நமக்கும் அந்தப் பனிக்கும் இடையில் இன்று கிடக்கும் கடல் பின்னாளில் வந்தது.

கற்களை எறிந்துவிட்டு வந்திருந்தால் இவ்வளவும் எப்போது தெரியவந்திருக்குமோ! களப்பணியில் கண்டுபிடிப்பு என்பது பாதி வேலை. கண்டதை ஒழுங்காகப் பொதிசெய்து, எங்கே எடுத்தோம் என்று எழுதிவைத்து, கொண்டுவந்து சேர்ப்பதே மறுபாதி.

இந்தியா இந்தக் களத்துக்கு வந்தது தாமதமாகத்தான். 1981 டிசம்பர் 6ஆம் நாள், கடலியல் விஞ்ஞானி எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் ‘போலார் சேர்க்கிள்’ என்னும் நோர்வேக் கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டனர். 1982 ஜனவரி 9ஆம் நாள் பனிக்கரையில் இறங்கி, பெப்ரவரி 21இல் கோவா திரும்பினர். போகவர 77 நாட்கள். 1983 டிசம்பரில் சென்ற மூன்றாவது குழு, ஹர்ஷ் குப்தாவின் தலைமையில், ‘தட்சிண கங்கோத்திரி’ என்ற முதல் நிரந்தர நிலையத்தை அந்தக் கோடைக்குள்ளேயே கட்டிமுடித்தது. நிலவியலாளர் சுதீப்தா சென்குப்தா, கடலியலாளர் அதிதி பந்த் என்ற இரு பெண்களும் அக்குழுவில் இருந்தனர். 1984இல் கப்பல் திரும்பியபோது, குளிர்காலத்தைக் கழிப்பதற்காக 12 பேர் அங்கே தங்கினார்கள்.

தட்சிண கங்கோத்திரி நின்றது பாறையில் அன்று. கடல்மீது நீண்டு மிதக்கும் பனித்தட்டின் மேல். புயல்கள் கொண்டுவந்து குவித்த பனி ஆண்டுக்காண்டு உயர, கட்டடம் சிறிது சிறிதாகப் புதைந்தது. இதை முன்னுணர்ந்தவர்கள் அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர் தொலைவில், சிர்மாக்கர் பாறைவெளியில் ‘மைத்திரி’ நிலையத்தை அமைத்தனர். 1990 பெப்ரவரி 25ஆம் நாள் தட்சிண கங்கோத்திரி முறைப்படி மூடப்பட்டது. அந்தக் கோடையும் இழப்பின்றிக் கழியவில்லை. 1990 ஜனவரியில், ஹம்போல்ட் மலைப்பகுதியில் முகாமிட்டிருந்த நால்வர், கூடாரத்துக்குள் பரவிய கார்பன் மோனொக்சைட்டு நச்சுவாயுவால் உயிரிழந்தனர். ஒரு நிலையத்தை மூடிய பருவம், நான்கு உயிர்களையும் கணக்கில் எழுதிய பருவமாயிற்று.

கோடைப் பருவத்தை முடிப்பதென்றால் என்ன? பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பலேறுவது அன்று. தொலைவில் உள்ள கூடாரங்கள் முதலில் பிரிக்கப்படுகின்றன. ஆட்கள் ஒவ்வொருவராக நிலையத்துக்குத் திரும்பியது உறுதிசெய்யப்படுகின்றது. குளிர்காலம் முழுவதும் தாமாக இயங்கவேண்டிய கருவிகள் சோதிக்கப்படுகின்றன. எரிபொருளும் உணவும் அளந்து குறிக்கப்படுகின்றன. பனிக்கட்டி உருளைகள் உருகாத குளிரில் கப்பலேறி, இந்தியாவுக்குரியவை கோவாவிலுள்ள துருவ ஆய்வு மையத்தின் குளிரறைக்குச் சென்று சேர்கின்றன. பழைய குளிர்காலக் குழு, புதிய குழுவிடம் குறிப்பேடுகளையும் பொறுப்பையும் ஒப்படைக்கின்றது. கடைசியாக, கழிவு. 1991இல் மட்ரிட் நகரில் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை, கழிவுகளை அகற்றுவதைக் கடமையாக்கியிருக்கின்றது. வெற்றுப் பீப்பாய், உடைந்த இயந்திரம், மின்கலம் எல்லாம் கப்பலேறவேண்டும். ஆளில்லாத அந்நிலத்துக்கு நாய்கள்கூட அந்நியம் என்று தீர்மானித்து, 1994இல் சறுக்குவண்டி நாய்களையும் வெளியேற்றிவிட்டார்கள்.

இந்தச் சலிப்பூட்டும் ஒழுங்கினால் உலகம் பெற்ற நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1956இல், சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டை முன்னிட்டு, பிரித்தானியர் ஹாலி என்ற நிலையத்தை அமைத்தனர். அதுவும் பனித்தட்டில்தான். முதல் நான்கு கட்டடங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பனியில் புதைந்தன. ஆனால் வளிமண்டல ஓசோனை அளக்கும் வேலை கட்டடத்துக்குக் கட்டடம், குழுவுக்குக் குழு கைமாறித் தொடர்ந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விடாது எழுதிய அந்த எண்களைக் கொண்டுதான், 1985இல் பார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற மூவர், தென்துருவ வானில் ஓசோன் படலம் வசந்தந்தோறும் மெலிகின்றது என்று அறிவித்தனர். இரண்டே ஆண்டுகளில் மொன்றியல் உடன்படிக்கை உருவாயிற்று. இடையில் ஐந்தாறு ஆண்டுகள் விடுபட்டிருந்தால், அந்த வீழ்ச்சி எப்போது தொடங்கியது என்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

இது நமக்கு எட்டாத கதையன்று. அந்தாட்டிக்காவின் பனி முழுவதும் உருகினால் கடல்மட்டம் 58 மீற்றர் உயரும் என்பது கணிப்பு. அது நாளையோ மறுநாளோ நடக்கப்போவதில்லை. ஆனால் எழுவான்கரையின் மணல்மேட்டுக்கும் படுவான்கரையின் வயலுக்கும் நடுவே, 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடல்மட்டத்திலேயே கிடக்கும் நமது வாவிக்கு, 58 மீற்றர் வேண்டியதில்லை. ஒரு மீற்றரே போதும். முகத்துவாரத்தால் ஏறும் உவர்நீர் வயலைத் தொட்டுவிடும். அந்த ஒரு மீற்றர் எப்போது வரும் என்பதை, தெற்கே ஆண்டுதோறும் பெப்ரவரியில் மூடப்படும் குறிப்பேடுகளே நமக்குச் சொல்லவேண்டும்.

இந்தப் பக்கத்துக் குறிப்பேடு என்னவாயிற்று? இந்தியாவின் முதற்குழு தென்துருவம் சென்ற அதே 1981இல்தான், ஆகஸ்ட் மாதம், வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. விஞ்ஞானமும் விவசாயமும் அங்கு முதலில் கற்பிக்கப்பட்டன. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வாவியையும் வயலையும் கடலையும் அளந்து எழுதவேண்டிய இடம் அது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பல்கலைக்கழக வளாகம் அகதி முகாமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள், அங்கு அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை இராணுவத்தினர் அழைத்துச் சென்றனர். அவர்கள் திரும்பவில்லை.

தட்சிண கங்கோத்திரியை மூடியதும் அதே ஆண்டில்தான். இரண்டையும் ஒப்பிடுவது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்று இயற்கையோடு நடந்த போராட்டம்; மற்றையது மனிதர் மனிதருக்குச் செய்தது. உண்மைதான். ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் மகன் எங்கே என்று கேட்டபடி வாழ்ந்த தாய்மாரின் ஊரில் இருந்துகொண்டு துருவ வரலாற்றைப் படிக்கும்போது, மோசனுக்காகத் தங்கிய அந்த ஆறு பேரிடம்தான் என் கண் போய் நிற்கின்றது. மூன்று தலைகள் குறைகின்றன என்பதற்காக அவர்கள் ஓராண்டைக் கொடுத்தார்கள். இங்கே 158 தலைகள் குறைகின்றன. விசாரணை ஆணைக்குழுக்கள் வந்தன, சாட்சியங்கள் பதியப்பட்டன, கணக்கு முடிக்கப்படவில்லை.

அளவிடுவதும், எண்ணுவதும், எழுதிவைப்பதும், அடுத்தவரிடம் ஒப்படைப்பதும் விஞ்ஞானத்துக்கு மட்டும் உரிய கடமைகள் அல்ல. களவெட்டியில் நெல் அளந்த நமது முன்னோர், முதல் மரைக்காலை ‘ஒன்று’ என்னாமல் ‘இலாபம்’ என்று சொல்லித் தொடங்கினார்கள். அதன்பின் ஒரு மரைக்காலும் தவறாமல் எண்ணினார்கள். பாரதி நிலையம் 2012 மார்ச் 18ஆம் நாள், போகம் முடியும் தறுவாயில்தான் இயங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அங்கே ஒரு குழு எண்ணி முடித்துக் கப்பலேறுகின்றது. இன்னொரு குழு பேனாவை எடுக்கின்றது. வந்தாறுமூலையிலும் இன்று மாணவர்கள் வாவியின் நீரை அள்ளி உப்பின் அளவைக் குறித்துக்கொள்கின்றார்கள். அவர்களுடைய குறிப்பேடு இனி இடையில் நின்றுபோகாமல் இருக்கவேண்டும். 1990ஆம் ஆண்டின் பக்கத்தையும் யாரேனும் எழுதி முடிக்கவேண்டும்.