தேயிலை மலையின் இனிப்பு

யப்பானின் மட்சுவே நகரில் தேநீரோடு வைக்கும் இனிப்புகளுள் ‘யமகவா’ புகழ்பெற்றது. சிவப்பு இலையுதிர்கால மலைக்கும் வெள்ளை ஆற்றோட்டத்துக்கும் என இரு நிறத்தில் செய்வார்கள். அந்நிலத்தை ஆண்டவரும் தேநீர்க் கலை வல்லவருமான மட்சுதைரா ஃபுமாய் (1751–1818) வளர்த்த மரபு அது.

இலங்கையின் ஊவாவில், தேயிலைக்கே பெயர்பெற்ற பண்டாரவளைக்கும் அத்தகைய இனிப்பு உண்டு: கித்துள் கருப்பட்டி. இங்கே மலையின் உருவை வார்க்க வேண்டியதில்லை. மலைச்சரிவில் நிற்கும் மரமே இனிப்பை ஊறத் தருகிறது.

கித்துளைப் பெரும்பாலும் எவரும் நட்டு வளர்ப்பதில்லை. பழத்தைத் தின்ற மரநாய்தான் விதையை ஓடைக்கரைகளிலும் காட்டோரங்களிலும் பரப்புகிறது. முதற்பாளை உச்சியில் தோன்றும். அடுத்தவை ஒவ்வொன்றாகக் கீழிறங்கும். கடைசிப் பாளையோடு மரமும் பட்டுப்போகும். பாளைக்கு மருந்து கட்டி, பதம் பார்த்துச் சீவுவது பரம்பரை அறிவு. மருந்தில் என்னென்ன சேரும் என்பதைக் குடும்பத்துக்குள்ளேயே காத்துவருகிறார்கள். காலையும் மாலையும் இறக்கும் பதநீர் புளிக்காதிருக்க ‘ஹல்’ மரப்பட்டை இடுவார்கள். காய்ச்சினால் பாணி, மேலும் இறுக்கிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தையும் அதன் சர்க்கரையையும் விவரித்துள்ளார். கோப்பியும் தேயிலையும் வருமுன்பே இம்மலைநாட்டுக்குரிய இனிப்பு அது.

பெருந்தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்தபோது கித்துள் கிராமத்துத் தோட்டங்களிலும் ஓடைக்கரைகளிலும் தங்கிற்று. சிங்களக் கிராமத்தவர் காய்ச்சிய கருப்பட்டி சந்தை வழியாக லயங்களுக்கு வந்தது. உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணி குடிக்கும் சுவையை மலையகத்தவர்க்கு விளக்க வேண்டியதில்லை. சீனி கலந்த தேநீரில் இனிப்பு மட்டுமே நாவில் நிற்கும். கருப்பட்டியைக் கடித்துக் குடிக்கையில் அதன் புகைமணமும் தேயிலையின் துவர்ப்பும் தனித்தனியே தெரியும். மட்சுவேயின் தேநீர் அவைக்குச் சற்றும் குறையாத நாகரிகம் என்றே இதை மதிக்கிறேன்.

இன்று சீனிப்பாகு கலந்த கருப்பட்டியும் கித்துள் பெயரில் விலைபோகிறது. மரமேறும் கைகளும் குறைந்து வருகின்றன. ஊவாவின் தோட்ட நிருவாகங்கள் தேயிலை நட இயலாத ஓடைக்கரைகளில் கித்துள் கன்றுகளை நட வேண்டும். நாமும் விலை சற்று கூடினாலும், காய்ச்சியவரை அறிந்து கலப்பற்ற கருப்பட்டியையே வாங்குவோம்.