மேடையா, திரையா? பாலே ரசிகர்களின் நூறாண்டு வழக்கு

பாலே என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வெள்ளை உடையில் நுனிக்காலில் நிற்கும் ஒரு பெண்ணின் உருவம்தான். ஆனால் அந்தப் பெண்ணை நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலரே. தொலைக்காட்சியிலும் திரையரங்கிலும் கணினியிலும் பார்த்தவர்கள்தான் அதிகம். "திரையில் பார்ப்பது பாலேயே இல்லை" என்பது நேரில் பார்க்கும் ரசிகர்களின் வாதம். "அரங்கத்துக்குப் போக வசதி இல்லாதவன் என்ன செய்வான்?" என்பது மற்றவர்களின் கேள்வி. இந்த வழக்கு செயற்கைக்கோள் ஒளிபரப்போடு தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சினிமா பிறந்த சில ஆண்டுகளிலேயே இது தொடங்கிவிட்டது.

வேண்டாம் என்றவர்கள்

ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் மரின்ஸ்கி அரங்கம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அலெக்சாண்டர் ஷிரியாயேவ் என்ற நடனக்காரர் இருந்தார். புகழ்பெற்ற நடன ஆசிரியர் மாரியுஸ் பெட்டிபாவுக்கு உதவியாளராகவும் வேலை செய்தவர். மேடை நடனங்களைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அரங்க நிர்வாகம் அனுமதி தரவில்லை. அவர் சும்மா இருக்கவில்லை. சிறு பொம்மைகளைச் செய்து, ஒவ்வொரு அசைவாக மாற்றி மாற்றி வைத்துப் படம் பிடித்தார். 1906 முதல் 1909 வரை அவர் வீட்டில் பொம்மைகள் பாலே ஆடின! அந்தப் படச்சுருள்கள் 1990களில்தான் வெளி உலகின் கவனத்துக்கு வந்தன.

அதே காலத்தில் பாரிஸ் நகரையே அசத்தியவர் செர்கேய் தியாகிலெவ். 1909-இல் தொடங்கிய அவருடைய ரஷ்ய பாலே குழு 1929-இல் அவர் இறக்கும் வரை நடந்தது. தன் குழுவைப் படமெடுக்க அவர் சம்மதிக்கவே இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. அன்றைய கேமராவில் வண்ணம் இல்லை, ஒலி இல்லை. வேகமும் ஒரே சீராக இருக்காது. இசை, ஓவியம், நடனம் மூன்றும் சேர்ந்த ஒரு கலையை அதில் போட்டால் கேலிக்கூத்தாகத்தான் தெரியும்.

ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரியது. அக்குழுவின் நட்சத்திரம் நிஜின்ஸ்கி. அவர் குதித்தால் காற்றில் ஒரு கணம் நின்றுவிட்டு இறங்குவது போல இருக்கும் என்று பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்று நம்மிடம் இருப்பவை அந்த எழுத்துகளும் புகைப்படங்களும் மட்டுமே. அவர் ஆடும் ஒரு வினாடிப் படம்கூடக் கிடைக்கவில்லை. இணையத்தில் உலவும் சில துண்டுகள் புகைப்படங்களை வைத்துக் கணினியில் செய்யப்பட்டவை. 1928-இல் சுவிட்சர்லாந்தின் மோன்த்ரே நகர விழாவில் யாரோ எடுத்த சுமார் அரை நிமிடப் படம் 2011-இல் அடையாளம் காணப்பட்டது. தியாகிலெவ் குழு ஆடுவதைக் காட்டும் படமாக அறியப்பட்டது அது ஒன்றுதான். அதிலும் நிஜின்ஸ்கி இல்லை. அவர் மேடையை விட்டு விலகிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

சரி என்றவர்

அன்னா பாவ்லோவா வேறு மாதிரி. அவர் ஊர் ஊராகப் போனவர். ரயில், கப்பல் என்று உலகம் முழுவதும் சுற்றி, பாலே என்ற பெயரையே கேட்டிராத ஊர்களிலும் ஆடினார். 1920களின் நடுவில் ஹாலிவுட்டில் தன் சிறு நடனங்களைப் படமெடுக்கவும் சம்மதித்தார். சாகும் அன்னத்தின் நடனமும் அவற்றில் உண்டு. கறுப்பு வெள்ளையில், மங்கலாக, ஒலியில்லாமல் இருக்கும் அந்தப் படத்தில்தான் அவருடைய கைகள் எப்படி அசைந்தன என்பதை இன்றைய மாணவி ஒருத்தி பார்க்க முடிகிறது.

ஆனால் பாவ்லோவாவின் கதையிலேயே எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 1928-இல் அவர் பம்பாயில் ஆடியபோது பார்வையாளர்களில் ருக்மிணி தேவி அருண்டேலும் இருந்தார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குப் போன கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்தார்கள். ருக்மிணி தேவி பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். சொந்த நாட்டு நடனத்தைத் தேடிப் பாருங்கள் என்று அவரைத் தூண்டியதும் பாவ்லோவாதான். 1935-இல் அடையாறில் ருக்மிணி தேவி சதிர் ஆடியதும், 1936-இல் கலாக்ஷேத்ரா தோன்றியதும் பிறகு நடந்தவை. மங்கலான ஒரு படத்தைப் பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா? மேடைக்காரர்கள் தைரியமாகக் கேட்கலாம்.

லண்டனில் ஒரு இரவு

1956 அக்டோபர் 3 அன்று மாஸ்கோவின் போல்ஷோய் பாலே முதல்முறையாக லண்டனில் ஆடியது. அந்தப் பயணமே ரத்தாகி இருக்க வேண்டியது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு சோவியத் விளையாட்டு வீராங்கனை லண்டன் கடையில் 5 தொப்பிகளைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டார். அதனால் இரு நாடுகளுக்கும் மனஸ்தாபம் வந்தது. கடைசியில் எப்படியோ குழு வந்து சேர்ந்தது. டிக்கெட்டுக்காக மக்கள் நடைபாதையில் படுத்துக் காத்துக் கிடந்தார்கள்.

கோவென்ட் கார்டன் அரங்கத்தில் இருப்பது 2,000-க்குச் சற்று அதிகமான இருக்கைகள். வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். உள்ளே போனவர்கள் பார்த்தது கலினா உலனோவாவை. அப்போது அவருக்கு வயது 46. மேடையில் அவர் பதினான்கு வயது ஜூலியட்டாகவே மாறினார் என்று பார்த்தவர்கள் வியந்தார்கள்.

அந்தப் பயணத்தின்போது இயக்குநர் பால் சின்னர் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு உலனோவாவின் "ஜிசெல்" நடனத்தைப் படமெடுத்தார். வரிசையில் நின்று ஏமாந்தவர்களும், லண்டனுக்கே வர முடியாதவர்களும் அதைத் திரையரங்கில் பார்த்தார்கள். கேமரா அருகில் போனபோது மேடையில் தெரியாத வயது முகத்தில் தெரிந்தது. ஆனால் மேல்மாடியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாத கண்களும் தெரிந்தன. எது நஷ்டம், எது லாபம்?

கேமரா யாரைப் பார்க்கிறது?

மேடையில் ரசிகன் தன் கண்ணை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். நாயகி சுழலும்போது மூலையில் நிற்கும் தோழியைப் பார்க்கலாம். திரையில் அந்த உரிமை இயக்குநருக்குப் போய்விடுகிறது.

இதற்கு நல்ல உதாரணம் "லா பயதேர்" பாலேயில் வரும் நிழல்களின் காட்சி. ஒரு சரிவான பாதையில் வெள்ளை உடைப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வருவார்கள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து மேடை முழுவதையும் நிரப்புவார்கள். இன்று பெரும்பாலும் 24 அல்லது 32 பேர் ஆடுகிறார்கள். இதன் அழகு கணக்கில் இருக்கிறது. மேல்மாடியில் மலிவு டிக்கெட்டில் உட்கார்ந்தவனுக்கு அந்தக் கோலம் முழுசாகத் தெரியும். க்ளோசப்பில் ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டினால் கோலம் போய்விடும், ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கெனத் மெக்மில்லன் 1965-இல் அமைத்த "ரோமியோ ஜூலியட்" பாலேயை அவர் உருவாக்கியது லின் சீமோர், கிறிஸ்டோபர் கேபிள் என்ற இளம் ஜோடிக்காக. ஆனால் பிப்ரவரி 9 அன்று முதல் காட்சியில் ஆடியவர்கள் மார்கோ ஃபோன்டெய்னும் ருடால்ஃப் நூரியேவும். பெரிய பெயர்கள் இருந்தால்தான் டிக்கெட் விற்கும் என்பது கணக்கு. அன்று கைதட்டல் ஓயாமல் 43 முறை திரையைத் தூக்க வேண்டியிருந்ததாம். மறு ஆண்டு சின்னர் எடுத்த படத்திலும் அவர்களே ஆடினார்கள். சீமோரின் ஜூலியட்டை மேடையில் பார்த்தவர்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அடுத்த தலைமுறைக்கு வந்து சேர்ந்தது ஃபோன்டெய்னின் ஜூலியட்தான். கேமரா கலையைக் காப்பாற்றும், உண்மைதான். யாரைக் காப்பாற்றுவது என்பதையும் அதுவே முடிவு செய்துவிடும்.

வானத்திலிருந்து வந்த மேடை

2006 டிசம்பர் 30 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா தன் நிகழ்ச்சியைத் திரையரங்குகளுக்கு நேரடியாக அனுப்பத் தொடங்கியது. 2008-இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுசும், 2010-இல் போல்ஷோயும் இந்த வழிக்கு வந்தன. மாஸ்கோவில் ஆடும் "அன்ன ஏரி"யை அதே நேரத்தில் வேறொரு நாட்டின் சிறு நகரத்தில், பாப்கார்ன் விற்கும் திரையரங்கில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது.

இதில் பழைய படங்களில் இல்லாத ஒன்று இருந்தது. கால் இடறினால் இடறியதுதான், மறுபடி எடுக்க முடியாது. 32 சுழற்சிகளை அவர் முடிப்பாரா என்று திரையரங்கிலும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் முடித்த பிறகு கைதட்டினால் அது ஆடியவருக்குக் கேட்காது. மேடையில் நுனிக்கால் காலணி பலகையில் தட்டும் ஓசையும், ஆடுபவரின் மூச்சும், முன்வரிசை ரசிகனுக்கு மட்டுமே கிடைத்தன.

2020-இல் கொரோனாவால் அரங்கங்கள் மூடப்பட்டபோது போல்ஷோயும் ராயல் ஓபரா ஹவுசும் பழைய பதிவுகளை இணையத்தில் இலவசமாகக் காட்டின. மேடையே இல்லாத மாதங்களில் திரைதான் சோறு போட்டது. 2022-இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததும் மேற்கு நாடுகளில் போல்ஷோய் ஒளிபரப்பு நின்றுபோனது. பத்தாண்டுக்கு மேலாக வந்துகொண்டிருந்த ஒரு மேடை ஒரே மாதத்தில் காணாமல் போனது. திரையும் நிரந்தரம் இல்லை என்பது அப்போது தெரிந்தது.

தீர்ப்பு என்ன?

மேடைக்காரர்கள் சொல்வது பொய் இல்லை. நடனம் என்பது ஆடுபவரும் பார்ப்பவரும் ஒரே காற்றைச் சுவாசிக்கும்போது நடப்பது. ஆனால் அந்தக் காற்று 2,000 பேருக்கு மட்டுமே போதும். நிஜின்ஸ்கியைப் பார்த்த கடைசி ரசிகரும் இறந்த நாளில் அந்தக் குதிப்பும் முடிந்துபோனது. உலனோவாவின் ஜிசெல் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

எனவே நேரில் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் கட்டாயம் நேரில் பார்க்க வேண்டும், மேல்மாடியில் கடைசி இருக்கையாக இருந்தாலும் சரி. ஆனால் திரையில் பார்ப்பவனைப் பார்த்து "நீ பார்த்தது பாலே இல்லை" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 1956-இல் வரிசையில் நின்று டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவனும் ரசிகன்தான்.