உலாவியின் நீட்சிகளும் தமிழ் எழுத்தும்

ஏட்டுச் சுவடியிலிருந்து தமிழ் அச்சிற்கு வந்த வரலாற்றைத் தமிழாசிரியர் பலரும் அறிவர். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியதும், 1887-இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் வகுப்பறையில் நாம் எடுத்துச் சொல்லும் செய்திகளே. சுவடியில் மெய்க்குப் புள்ளியில்லை. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடில்லை. ரகரமும் ஆகாரக் காலும் ஒரே வடிவம். பொருளறிந்து பிரித்து அச்சில் ஏற்றியவர் பதிப்பாசிரியரே. ஆயின் தமிழ் அச்சிலிருந்து கணினித் திரைக்கு ஏறியபோதும் ஏறத்தாழ இதே இடர் மீண்டும் நேர்ந்தது என்பதையும், அவ்விடரைக் கடக்கச் சில ஆண்டுகள் துணை நின்றவை ‘நீட்சி’ எனப்படும் சிறு கருவிகளே என்பதையும் நம்முள் சிலரே நினைவில் வைத்திருக்கிறோம்.

இதனை எழுதத் தூண்டியது ஒரு குறுந்தட்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதனை ஒரு மாலைப்பொழுதில் ஜெலாப்பாங்கில் உள்ள என் வீட்டிற்குக் கொண்டு வந்தார். அவர் பணியாற்றிய தோட்டப் பள்ளியைப் பற்றிய குறிப்புகள், மாணவர் கட்டுரைகள், பால்மரம் வெட்டிய முதியோரிடம் கேட்டெழுதிய செய்திகள் ஆகியவற்றை 1999-இலும் அதற்கடுத்த ஆண்டிலும் இணையப் பக்கங்களாக அமைத்திருந்தாராம். பக்கங்களைத் தாங்கிய இலவச இணையத்தளம் மூடப்பட்டுவிட்டது. தோட்டமும் இன்று இல்லை. எஞ்சியது அந்தத் தட்டே. அதனைத் திறந்தோம். ஒரு பக்கத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள். மற்றொன்றில் தலைமேல் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துக்கள். “தமிழிலேதானே ஐயா தட்டினேன்!” என்று அவர் திகைத்தார். அவர் தமிழிலேதான் தட்டினார். கணினிதான் அதனைத் தமிழென்று ஒருபோதும் அறிந்ததில்லை.

இஃது எங்ஙனம் நேர்ந்தது என்று காண்போம். கணினி எழுத்தை எண்ணாகவே வைத்துக்கொள்ளும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் உடன்பாட்டையே குறியீட்டு முறை என்கிறோம். தமிழுக்கென உலகம் ஏற்ற உடன்பாடு கைக்கு வராத காலத்தில், நம்மவர் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தின் படத்தை அமர்த்தினர். பாமினி எனும் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ஆங்கில ‘எம்’ இருந்த இடத்தில் அகரம். ‘கே’ இருந்த இடத்தில் மகரம். அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளி. ‘எச்’ இருந்த இடத்தில் கால். ஆகவே ‘அம்மா’ என்று எழுதியவர் உண்மையில் தட்டியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கும் கணினியில் அம்மா தெரிவாள். இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே நிற்கும்.

இதனை முன்னோர் செய்த பிழை என்று தள்ளுவது நன்றன்று. வேறு வழி இல்லாதபோது அவர்கள் கண்ட வழி அது. 1995-இல் சிங்கப்பூர்க் கவிதைத் தொகுப்பு ஒன்று நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அதில் இடம்பெறப் பாடுபட்டவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதலே முரசு எனும் மென்பொருளை வளர்த்து வந்தார். பின்னர் வந்த முரசு அஞ்சல், கடல் கடந்து வாழ்ந்த தமிழர் தமிழிலேயே மின்னஞ்சல் எழுத வழி செய்தது. இவர்களைப் போன்று பலர் பல ஊர்களில் தனித்தனியே உழைத்தனர். தனித்தனியே உழைத்ததால் இருக்கைகளும் தனித்தனியே அமைந்தன. இதழுக்கு ஓர் எழுத்துரு, நிறுவனத்துக்கு ஓர் எழுத்துரு என்றாயிற்று. ஒற்றுமை காணும் முயற்சியும் நடவாமல் இல்லை. 1997-இல் சிங்கப்பூரிலும் 1999-இல் சென்னையிலும் மாநாடுகள் கூடின. இணையக் குழுவினர் பேசி வகுத்த திஸ்கி ஒருபுறம்; 1999-இல் தமிழ்நாட்டரசு ஏற்ற டாம், டாப் ஆகியன மறுபுறம். 2000-இல் உத்தமம் எனும் அமைப்பு சிங்கப்பூரில் தோன்றியது. அடுத்த ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பூசல் தீர்க்க வந்த முறைகளே மூன்றாகி நின்றமை அக்காலத்தின் வேடிக்கை.

இவற்றிற்கிடையே ஒருங்குறி எனும் உலகப் பொது முறையில் தமிழ் 1991-ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றிருந்தது. ஆனால் இடம் இருந்தால் போதுமா? கணினி அதனைக் காட்ட வேண்டுமே! விண்டோஸ் 2000 வந்த பின்னரே பெருவாரியான கணினிகளில் அதற்கு வழி பிறந்தது. அதன் பின்னரும் பல ஆண்டுகள் இணையக் கடைகளில் விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருந்ததை ஈப்போவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி உலாவிக்கு வருவோம். இணையப் பக்கத்தைக் கொணர்ந்து நமக்குக் காட்டும் மென்பொருளே உலாவி. அதன் உடலைத் திருத்தாமல், வேண்டுவோர் வேண்டிய வேலையை மட்டும் அதனுடன் பூட்டிக்கொள்ளும் சிறு நிரலே நீட்சி. 1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூல நிரலை உலகிற்குத் திறந்துவிட்டது; அந்த வழியில் மோசில்லாவினரின் பயர்பாக்ஸ் 2004 நவம்பரில் முதற்பதிப்பாக வெளிவந்தது. எவரும் நீட்சி எழுதிச் சேர்க்கலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. உலாவியின் எப்பகுதியையும் நீட்சி தொட்டு மாற்றலாம் என்னும் அளவுக்கு அன்று அதற்கு உரிமை இருந்தது. இவ்வுரிமை பின்னர் என்னாயிற்று என்பதைக் கீழே காண்போம்.

இணையப் பக்கம் அமைப்போர்க்கு இது நல்வாய்ப்பாயிற்று. கிறிஸ் பெடரிக் என்பார் 2003-இல் ஆக்கிய ‘வெப் டெவலப்பர்’ எனும் நீட்சி, பக்கத்தின் ஒப்பனையை நீக்கிப் பார்க்கவும், படங்களை மறைக்கவும், உறுப்புக்களைக் கோடிட்டுப் பிரித்துக் காட்டவும் உதவியது. 2006-இல் ஜோ ஹெவிட் வெளியிட்ட ‘பயர்பக்’ அதனினும் ஒரு படி மேலே சென்றது. திரையில் தெரியும் ஒரு சொல்லைச் சுட்டினால், அச்சொல் பக்கத்தின் எந்த வரியில் பிறக்கிறது, எந்த எழுத்துரு அதற்கு விதிக்கப்பட்டது, எந்த விதி எதனை வென்றது என்பதெல்லாம் கண்முன் விரியும். அங்கேயே திருத்தி விளைவையும் பார்க்கலாம். அதற்கு முன் பக்கம் அமைத்தவர்கள் ஒரு வரியை மாற்றுவதும், சேமிப்பதும், மீண்டும் திறந்து பார்ப்பதுமாக இரவைக் கழித்தவர்கள். பயர்பக் காட்டிய வழியையே இன்று எல்லா உலாவிகளும் தம்முள் கொண்டிருக்கின்றன. 2017-இல் அந்நீட்சியின் வளர்ச்சி நின்றபோது அதன் தொழில் நிற்கவில்லை; உலாவியின் உள்ளேயே குடிபுகுந்துவிட்டது.

தமிழர் இந்த வாய்ப்பை இருவகையில் பயன்கொண்டனர். ஒன்று, எழுதுவதற்கு. ‘தமிழ்விசை’ எனும் பயர்பாக்ஸ் நீட்சி, கணினியில் வேறொரு மென்பொருளும் நிறுவாமலே உலாவிக்குள் தமிழ் தட்டச் செய்தது. இணையக் கடையிலும் அலுவலகத்திலும் பிறர் கணினியில் தமிழ் எழுத விரும்பியவர்க்கு அஃது எத்துணை உதவி என்பதைப் பட்டவரே அறிவர். மற்றொன்று, படிப்பதற்கு. நாகார்ஜுன வென்னா என்பார் தெலுங்கை முன்னிட்டுத் தொடங்கிய ‘பத்மா’ எனும் நீட்சி, பின்னர்த் தமிழ் முதலிய பிற இந்திய மொழிகளையும் தழுவிக்கொண்டது. பழைய எழுத்துருவில் அமைந்த பக்கத்தைத் திறந்தவுடன் அது ஒவ்வொரு குறியையும் ஒருங்குறிக்கு மாற்றித் திரையில் இடும். பக்கத்தை அமைத்தவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. படிப்பவர் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பாளன் ஒருவன் அமர்ந்திருந்தான் எனலாம். அண்டை மொழியார்க்கும் நமக்கும் நோய் ஒன்றாகவே இருந்தமையால் மருந்தும் பொதுவாயிற்று.

இம்மாற்றம் எளிதன்று. தமிழாசிரியர்கள் இதனைச் சற்றே ஊன்றி நோக்க வேண்டுகிறேன். ‘கொ’ என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். பழைய எழுத்துருக்கள் இந்தக் கைமுறையையே பின்பற்றின. ஒருங்குறியோ ஒலிமுறையைப் பின்பற்றுவது: முதலில் ககரம், அதன்பின் ஒகரக் குறி. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்னும் நம் இலக்கணத்தோடு இது பொருந்துவது. ஆகவே மாற்றும் நிரல் எழுத்தைப் பெயர்த்தால் மட்டும் போதாது. முன்னதைப் பின்னதாக்கி, இரண்டாய் நின்றதை ஒன்றாக்கவும் வேண்டும்.

அங்கேதான் பொறி தடுக்கி விழுந்தது. ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. பாமினி போன்ற எழுத்துருக்களில் இரண்டிற்கும் ஓரிருக்கையே. எனவே ‘கௌதமன்’ என்பதில் உள்ள கௌ-வும் ‘கெளிறு’ எனும் மீன்பெயரில் உள்ள கெ, ள என்னும் ஈரெழுத்தும் கணினிக்கு ஒன்றே. கொம்பு, மெய், ளகர வடிவம் என்னும் மூன்றையும் கண்டவுடன் ஔகாரமென்று முடிவு கட்டிய மாற்றிகள் வெளி, தெளிவு, வெள்ளி, வெள்ளம் ஆகிய சொற்களை எல்லாம் சிதைத்தன. வகர ஔகாரத்தின் மேல் இகரக் குறியும் புள்ளியும் தொற்றிக்கொண்ட விந்தை வடிவங்களை இணையத்தில் இன்றும் காணலாம். ஔகாரத்தின் பின் இகரக் குறி வாராது, புள்ளியும் வாராது என்று பொறிக்குக் கற்பித்தால் இவற்றுட் பெரும்பகுதி தீரும். ஆயின் ‘வெள’ என்று குறியின்றி நிற்குமிடத்தில் என் செய்வது? அங்கே சொல்லறிவு வேண்டும். சுவடியில் ரகரமா காலா என்று பதிப்பாசிரியர் நின்று எண்ணிய இடமும் இதுவே.

நீட்சிகளால் விளைந்த நன்மையோடு ஒரு தீமையும் விளைந்தது என்பது என் கருத்து. படிப்பவர் பக்கத்தில் மருந்து கிடைத்தமையால், பக்கம் வைத்திருந்தவர் பலர் தம் பக்கத்தைத் திருத்தாமலே விட்டனர். பத்மா இருக்கிறதே என்ற எண்ணம்! மதுரைத் திட்டத்தார் இதற்கு விலக்கு. 1998 பொங்கலில் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் ஏற்றிய அவர்கள், பின்னர் ஒருங்குறியிலும் அவற்றை வழங்கினர். தமிழ்நாட்டரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்குள் மூடப்பட்ட பக்கங்கள் மிகப்பல. 2009-இல் ஜியோசிட்டீஸ் எனும் இலவசத் தளம் மூடப்பட்டது ஒன்றே போதிய சான்று.

2017 நவம்பரில் பயர்பாக்ஸின் 57-ஆம் பதிப்பு வந்தது. உலாவியின் விரைவையும் காப்பையும் கருதி, நீட்சிகள் அதன் எப்பகுதியையும் தொடலாம் என்றிருந்த பழைய உரிமை அப்பதிப்பில் நீக்கப்பட்டது. புதிய முறைக்கேற்பத் திரும்ப எழுதப்பட்டவை பிழைத்தன. எழுதப்படாதவை ஒரே நாளில் வேலை செய்யாதொழிந்தன. நீட்சி எழுதியோர் பெரும்பாலும் ஊதியம் கருதாது ஓய்வு நேரத்தில் உழைத்தவர்கள். பல ஆண்டு கழித்து அவர்களை மீண்டும் எழுதச் சொல்லும் உரிமை எவர்க்கு உண்டு? கூகுளின் குரோமும் 2024 முதல் தன் நீட்சிகளுக்குப் புதிய கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தி, பழைய முறையில் அமைந்தவற்றை நிறுத்தத் தொடங்கியது. நீட்சி என்பது உலாவி இடம் கொடுக்கும் வரையில்தான் வாழும்.

ஆசிரியரின் குறுந்தட்டுக்கு வருவோம். பயர்பக்கின் வழித்தோன்றலாகிய ஆய்வுக் கருவி இன்று எந்த உலாவியிலும் உண்டு. பக்கத்தின்மேல் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி அதனைத் திறந்தோம். ஒவ்வொரு பத்தியின் முன்னும் எந்த எழுத்துருவில் காட்டுக என்று அன்று அவர் எழுதிய கட்டளை அப்படியே இருந்தது. ஒரு பகுதிக்குப் பாமினி. மற்றொன்றிற்குத் திஸ்கி எழுத்துரு. நோயின் பெயர் தெரிந்துவிட்டது. அந்த எழுத்துருவையே தேடி நிறுவினால் கண்ணுக்குத் தமிழ் தெரியும் என்பது உண்மையே. ஆனால் கணினிக்கு அது அப்போதும் தமிழன்று: தேடினால் சொல் அகப்படாது, வேறிடத்தில் ஒட்டினால் மீண்டும் குப்பை, பார்வையற்றவர்க்குப் படித்துக்காட்டும் கருவியும் அதனைப் படிக்காது. ஆகவே மாற்றியின் வழியே ஒருங்குறியாக்கிப் புதிய கோப்பில் சேமிப்பதே நேர்வழி என்று முடிவு செய்தோம்.

மூன்று வாரம் சனிக்கிழமைதோறும் அவர் வந்தார். பொறி ஒரு நொடியில் மாற்றியதை நாங்கள் வரிவரியாகப் படித்தோம். வெள்ளைக்காரத் துரை, வெளிக்காட்டு வேலை, வெள்ளாமை என ளகரம் வந்த இடமெல்லாம் பழுது. தோட்டத்துப் பேச்சுச் சொற்கள் சிலவற்றில் நான் தயங்கினேன். எது சரி என்று சொல்ல அவரால்தான் முடிந்தது, அச்சொற்களைச் சொன்ன முதியோரின் குரலை அவர் கேட்டிருந்தார். முப்பத்தொரு பக்கங்களில் இருபத்தெட்டு தேறின. எஞ்சிய மூன்றில் எழுத்துருவின் பெயர் குறிக்கப்படவில்லை. அறிந்த எந்த முறைக்கும் அவை இணங்கவுமில்லை. அவற்றுள் ஒன்று பள்ளியின் முதல் தலைமையாசிரியரைப் பற்றியது என்கிறார் ஆசிரியர். அடிக்கடி வரும் குறிகளை எண்ணி, எது அகரம், எது ககரம் என்று இப்போது கையாலேயே பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறோம். இதுவரை பதினொரு எழுத்துக்கள் பிடிபட்டிருக்கின்றன.