வாதாபியிற் கண்டதும் காஞ்சியில் நின்றதும்

திருத்தொண்டர் புராணத்தைக் கற்றும் கற்பித்தும் வந்த நாற்பதாண்டுக் காலத்தில், சிறுத்தொண்ட நாயனார் வரலாறு சொல்ல நேர்ந்த போதெல்லாம் அடியேன் வாதாபி நகரை அழித்தே வந்திருக்கின்றேன். பரஞ்சோதியார் தம் மன்னன்பொருட்டு அத்தொன்னகரின்மேற் படையெடுத்துச் சென்று அதனை அழித்தார் என்னும் செய்தியைச் சேக்கிழார் பெருமான் ஒரே பாட்டில் முடித்து மேலே செல்கின்றார். யானோ அதனை ஒரு நாழிகை விரிப்பேன். மதில் இடியும், மாளிகை எரியும், ஊர் இருந்த இடமும் தெரியாது போகும். கேட்போர் மகிழ்வர், யானும் மகிழ்வேன். அவ்வூரை ஒருகால் நேரிற் காணவேண்டும் என்னும் எண்ணம் மட்டும் எழுந்ததில்லை. மடத்துப் பாடசாலையிற் பயின்ற எமக்கு ஏட்டிற் கண்டதே கண்டதாக இருந்தது.

எழுபத்துநான்காம் வயதில் அக்குறை நீங்கிற்று. கல்லூரியில் வரலாறு பயிலும் என் பேரன், “தாத்தா, நீங்கள் இத்தனை முறை அழித்த ஊரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்” என்று சொல்லி அழைத்துச் சென்றான்.

இன்று பாதாமி எனப்படும் அவ்வூர் கருநாடக மாநிலத்துப் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. கதக்கிலிருந்து வடக்கே செல்லும் புகைவண்டியில் ஏறி இறங்கினோம். நிலையத்திலிருந்து ஊர் சற்றுத் தொலைவு. பட்டதக்கல், ஐகொளெ, மகாகூடம் ஆகிய பழம்பதிகளைக் காணச் செல்வோர்க்கு இதுவே வாயிலூர். ஆதலின் கடைத்தெரு முழுவதும் தங்கும் விடுதிகளும் வண்டிகளுமாய் இருக்கின்றது. சோள ரொட்டியும் கத்தரிக்காய்க் கறியும் எங்கும் கிடைக்கும். குரங்குகளிடமிருந்து கைப்பையைக் காத்துக்கொள்வது மட்டும் பெரும்பாடு. கடைத்தெருவைக் கடந்து சிறிது நடந்தவுடன் செந்நிறப் பாறைமலைகள் இரண்டு வடக்கிலும் தெற்கிலுமாக எழுகின்றன. இரண்டின்மேலும் கோட்டை, இடையே ஒரு பெரிய ஏரி. அதற்கு அகத்திய தீர்த்தம் என்று பெயர். வாதாபி என்னும் அசுரனை உண்டு செரித்த குறுமுனிவர் கதையை நாம் பொதியிலோடு சேர்த்து நினைக்கின்றோம். அவ்வூரார் தம் ஏரிக்கரையோடு சேர்த்து நினைக்கின்றனர். இதனை அறிந்தவுடனே அவ்வூர் எனக்கு அயலூராகத் தோன்றாதாயிற்று.

சளுக்கிய மரபின் முதலாம் புலிகேசி இம்மலையை அரணாக்கியது கி.பி. 543-இல். அச்செய்தியை வடகோட்டைப் பாறையில் வெட்டப்பட்ட கல்வெட்டே கூறுகின்றது. அவன் பேரனாகிய இரண்டாம் புலிகேசி மகேந்திரவர்மனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்ததாக, ஐகொளெ மேகுடிக் கோயிலில் உள்ள இரவிகீர்த்தியின் 634-ஆம் ஆண்டுக் கல்வெட்டுப் பெருமிதத்தோடு பேசுகின்றது. அதற்கு மறுமொழி விரைவில் வந்தது. மகேந்திரன் மைந்தன் நரசிங்கவர்மன் மணிமங்கலம் முதலிய களங்களிற் புலிகேசியைப் புறங்கண்டான். பின்னர் 642-ஆம் ஆண்டளவில் வாதாபியையே கைப்பற்றினான். நாயனார் சென்ற போர் இதுவே என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிபு.

இனிக் குகைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். தென்மலையின் மேற்குச் சரிவிற் குடைவரைகள் நான்கு உள்ளன. முதற் குகையின் வாயிலருகே பதினெட்டுத் திருக்கரங்களோடு ஆடுகின்றார் எம்பெருமான். பாறையின் செம்மையே திருமேனியின் செம்மையாக விளங்குகின்றது. அருகில் முழவு இசைப்போன் இருக்கின்றான். சிறிய உருவிற் பிள்ளையாரும் இருக்கின்றார். அடியேன் கைகூப்பி நின்று நேரம் போவதறியாதிருந்தேன். மூன்றாம் குகையில் மங்களேசன் வெட்டுவித்த கல்வெட்டு, சக ஆண்டு 500, அதாவது கி.பி. 578 என்று காலத்தைத் தெளிவாகவே காட்டுகின்றது.

அங்கேதான் பேரன் கேட்டான்: “தாத்தா, இவையெல்லாம் பல்லவர் படை வருவதற்கு அறுபது ஆண்டு முன்னரே செய்யப்பட்டவை. ஊர் துகளாயிற்று என்பீர்களே; இவை எப்படி முழுமையாக நிற்கின்றன?”

விடை சொல்ல நா எழவில்லை. படிக்கட்டில் அமர்ந்துவிட்டேன்.

பிற்பகலில் ஊரின் நடுவே ஒரு சிறு கோயிலை அடுத்த பாறையில் உள்ள நரசிங்கவர்மன் கல்வெட்டைத் தேடிச் சென்று கண்டோம். மழையும் வெயிலும் தேய்த்து எழுத்துக்கள் பெரிதும் சிதைந்துள்ளன. மாமல்லன் என்னும் பெயரும் வாதாபி என்னும் பெயரும் அதில் உள என்று கற்றோர் படித்துரைத்துள்ளனர். என் கண்ணுக்குச் சில கீற்றுக்களே தெரிந்தன. வென்றவன் எழுத்துத் தேய்ந்து கிடக்க, தோற்றவன் குடைவித்த கூத்தப்பெருமான் குன்றாது ஆடுகின்றார். இரண்டையும் ஒரே நாளிற் கண்ட பின்னர், நாற்பதாண்டு பேசிய பேச்சை மறுபடி எண்ணிப் பார்க்காதிருக்க இயலவில்லை.

எண்ணிப் பார்க்குங்கால் பிழை சேக்கிழார்பால் இல்லை. அவர் நகர் என்றார், கோயில் என்றாரல்லர். அழிந்தவை அரணும் அரசும் ஆகலாம். தெய்வத் திருவுருக்கள் அழிந்தன என்று அவர் யாண்டும் கூறவில்லை. அதனைச் சேர்த்தது என் நாவின் கொழுப்பு. மேலும், அவர் போரை ஒரே பாட்டில் முடித்து அடுத்துச் சொல்வதை யான் விரைந்து கடந்துவிடுவதே வழக்கம். கவர்ந்து வந்த பொருள்களைக் கண்டு வியந்த மன்னன், பரஞ்சோதியார் சிவனடியார் என்று அமைச்சர் சொல்லக் கேட்டவுடன், அடியாரைப் போர்முனைக்கு விடுத்தேனே என்று அஞ்சி வருந்துகின்றான். நிதி பல ஈந்து, தொண்டு செய்யுமாறு விடைகொடுக்கின்றான். சேக்கிழார் நம்மை நிறுத்திக் காட்டுவது அந்த வருத்தத்தை.

வாதாபி கணபதியைப் பற்றியும் ஒரு சொல். நாயனார் அங்கிருந்து பிள்ளையாரைக் கொணர்ந்து திருச்செங்காட்டங்குடியில் எழுந்தருளுவித்தார் என்பது செவிவழி வழக்கு, பெரியபுராணத்தில் இல்லை. அன்பர்கள் போற்றும் வழக்கை யான் மறுக்கப் புகவில்லை. புராணத்தில் உள்ளதாகச் சொல்லாதிருந்தால் போதும்.

மறுநாட் பட்டதக்கல் சென்றோம். பாதாமியிலிருந்து ஏறத்தாழ இருபத்திரண்டு கிலோமீட்டர். மலப்பிரபை ஆறு வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் அவ்விடத்திற் கோயில்கள் நெருங்கி நிற்கின்றன. 1987-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட இத்தொகுதியில் நாள்வழிபாடு நடப்பது விரூபாட்சர் கோயிலில் மட்டுமே. அதன் திருமுன் நின்றபோது காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலில் நிற்பதாகவே மயங்கினேன். அடுக்கடுக்காய் உயரும் அதே விமானம். திருச்சுற்று மதிலையொட்டி அதே போலச் சிறு கோயில்கள். இம்மயக்கத்திற்குக் காரணம் உண்டு. இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாக அவன் தேவி உலோகமாதேவி எடுப்பித்த கோயில் இது. கட்டிய தச்சன் குண்டன் பெற்ற சிறப்பும் வாயிற்கல்வெட்டில் உள்ளது.

அம்மன்னன் காஞ்சியிற் செய்தது யாது? வாதாபி வீழ்ந்து நூறாண்டு ஆகவில்லை. பழி தீர்க்க அவன் எண்ணியிருந்தால் தடுப்பார் எவருமில்லை. இராசசிங்கேச்சரத்துள், அதாவது கயிலாசநாதர் கோயிலுள் புகுந்து, இறைவன் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராது இறைவனுக்கே மீட்டளித்தான். அக்கோயில் மண்டபத் தூணிற் கன்னடத்தில் வெட்டப்பட்ட அவன் கல்வெட்டு இன்றும் உள்ளது. காஞ்சிக்குப் பலமுறை சென்ற யான் அத்தூணின் அருகில் இளைப்பாறியும் இருக்கின்றேன்; வேற்றெழுத்து என்று படிக்க முயலவில்லை.

குடமுழுக்கு மலராகிய இதனைப் படிக்கும் அன்பர்கட்குப் பூசலார் நாயனார் வரலாறு நினைவில் இருக்கும். காடவர்கோன் காஞ்சியிற் கற்றளி எடுத்துக் குடமுழுக்கிற்கு நாள் குறித்தான். அன்று நின்றவூர்ப் பூசலார் மனத்தில் எடுத்த கோயிலுக்கு எழுந்தருளவேண்டும், நின் நாளைத் தள்ளி வை என்று இறைவன் கனவில் உரைத்தருளினான். அக்கற்றளி கயிலாசநாதர் கோயிலே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அதுவே சளுக்கியன் தீண்டாது விட்ட கோயில். மலப்பிரபைக் கரையில் நின்று அடியேன் கண்ட கோயிலுக்கு மூலமும் அதுவே.

மாலைத் தீபாராதனை ஆயிற்று. அருச்சகர் எம்மை நோக்கி எவ்வூர் என்று கன்னடத்திற் கேட்டார். “காஞ்சிப் பக்கம்” என்றான் பேரன். அவர் முகமலர்ந்து மீண்டும் உள்ளே சென்று, இலையிற் பூவும் திருநீறும் வைத்துக் கொணர்ந்து என் கையில் இட்டார்.

ஊர் திரும்பியபின் முதல் வேலையாகக் காஞ்சிக்குச் சென்று அத்தூணைக் கண்டேன். வரும் ஆவணித் திங்களிற் சிறுத்தொண்டர் வரலாற்றை மீண்டும் சொல்லவேண்டியிருக்கின்றது. போர்ப் பாட்டை ஒரு பாட்டளவிலேயே சொல்வதாக இருக்கின்றேன்.