கிப்சன் இஎஸ்-339

கிப்சன் இஎஸ்-339 என்பது அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 2007-இல் அறிமுகப்படுத்திய, சிறிய உடல் கொண்ட அரை உள்ளீடற்ற மின் கித்தார்.

பெயர்

'இஎஸ்' என்பது 'எலக்ட்ரிக் ஸ்பானிஷ்' என்பதன் சுருக்கம். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் கித்தாரிலிருந்து, உடலோடு அணைத்து வாசிக்கும் கித்தாரை இப்பெயர் வேறுபடுத்தியது. 1936-இல் வந்த இஎஸ்-150-இன் எண் விலையைச் சுட்டியது: ஒலிபெருக்கியும் சேர்த்து ஏறத்தாழ 150 டாலர். சிவகாசிச் சரவெடியில் 'ஆயிரம் வாலா' என்ற பெயர் வெடிகளின் எண்ணிக்கையைச் சொல்வது போன்றது இது. பின்னாளில் எண்ணும் விலையும் பிரிந்தன; எண் வெறும் அடையாளமாக நின்றது.

வரலாறு

முழுதும் உள்ளீடற்ற கித்தாரின் ஒலியை மிகவும் பெருக்கினால், ஒலிபெருக்கியின் அதிர்வு கித்தாரின் உடலை மீண்டும் அதிரச் செய்து ஊளைச் சத்தம் எழுப்பும். திண்ம உடல் கித்தாரில் இத்தொல்லை குறைவு; ஆனால் உள்ளீடற்ற உடலின் கனிந்த நாதம் அதில் இல்லை. 1958-இல் வெளிவந்த இஎஸ்-335, உடலின் நடுவே மேப்பிள் கட்டையை நீளவாக்கில் பொருத்தி, இருபுறமும் வெற்றிடம் விட்டு, இரண்டு குணங்களையும் இணைத்தது. எனினும் அதன் உடல் 16 அங்குல அகலம் கொண்டது.

ஈர்ப்பு

இஎஸ்-339 அதே வடிவத்தையும் நடுக்கட்டையையும் வைத்துக்கொண்டு, உடலை லெஸ் பால் கித்தாரின் அளவை நெருங்கும்படி சுருக்கியது. அமர்ந்து வாசிப்போருக்கும், மேடையில் நெடுநேரம் நிற்போருக்கும் இது கைக்கு அடக்கமானது. காற்றறை சிறுத்ததால் ஒலி சற்று இறுக்கமாகிறது என்பதே 335-ஐ விட்டுக்கொடுக்காதவர்கள் சொல்லும் காரணம்.