காய்ச்சல் போனது, கடுப்பு போகவில்லை

2006ஆம் வருடம் சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் தறிச் சத்தம் குறைந்துபோனது. வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் கிடந்தார்கள். நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டது, ஆனால் தரையில் உட்கார்ந்தவர்களால் எந்திரிக்க முடியவில்லை. கோமதியம்மன் ஒற்றைக்காலில் தவமிருந்த ஊரில் எங்கள் ஆச்சி இரண்டு காலையும் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்து நடந்தாள். கோவில் புற்றுமண்ணைக் குழைத்து முட்டியில் பூசிக்கொண்டாள். "எய்யா, காய்ச்ச போயிட்டு, கடுப்பு போகலயே" என்று ஒரு வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தாள். "வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று நாங்கள் அவள் வாயை அடைத்தோம்.

சிக்குன்குனியா என்ற பெயர் ஊருக்குள் 'சிக்கன் குனியா' ஆனதால் கோழிக்கறி வாங்கவே பலர் பயந்தார்கள். உண்மையில் அது ஆப்பிரிக்காவின் மக்கொண்டே மொழிச் சொல். வலியில் உடம்பு வளைந்துபோவதைக் குறிப்பது. 1952-53இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் பரவிய காய்ச்சலிலிருந்துதான் இந்த வைரஸ் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது.

ஆனால் நோய் அதற்கும் பழையது. 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் சென்னையிலும் வேலூரிலும் இது பரவியபோது, வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் நோயாளிகளின் இரத்தத்திலிருந்தும் கொசுக்களிலிருந்தும் வைரஸைப் பிரித்தார்கள். அவர்களில் ஒருவரான டொனால்ட் கேரி 1971இல் ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதினார். 1779இல் பட்டேவியாவிலும் 1824இல் இந்தியாவிலும் பரவி, பின்னாளில் டெங்கு என்று எண்ணப்பட்ட காய்ச்சல்கள் சிக்குன்குனியாவாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அவர் பிடித்த தடயங்களில் முக்கியமானது, பழைய குறிப்புகளில் வரும் மூட்டுவலி.

1973இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் பரவியபின் இந்தியாவில் பெரிய பரவல் இல்லை. முப்பதாண்டு கழித்து, 2005 இறுதியில், ஆப்பிரிக்க வழிவந்த வேறொரு வகை வந்து இறங்கியது. 2006இல் மட்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு நோய் இருக்கலாம் என்று அரசுக் கணக்கு பதிந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில் தொட்டியிலும் டிரம்மிலும் நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் ஏடிஸ் கொசுவுக்குப் பிறந்த வீடு.

சரி, காய்ச்சல் போனபிறகும் ஏன் வலி? கொசு கடித்த இடத்தில் நுழையும் வைரஸ் இரத்தத்தின் வழியே பரவி மூட்டுத் திசுக்களில் குடியேறுகிறது. பாதிக்கப்பட்ட செல்கள் ரசாயனத் தூது அனுப்புகின்றன. அதைக் கேட்டு மோனோசைட்டுகள் இரத்தத்திலிருந்து மூட்டுக்குள் கூட்டமாக இறங்கி, மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் அணுக்களாகின்றன. அவை சுரப்பவை வைரஸை அழிக்க உதவும். கூடவே மூட்டையும் வீங்கவைக்கும். பின்னால் டி செல்கள் வருகின்றன. சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சி.டி.4 வகை டி செல்கள் இல்லாத எலிகளுக்கு இரத்தத்தில் வைரஸ் இருந்தும் பாத வீக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆக, வீக்கத்தில் பெரும்பங்கு நம் காவல்படையின் வேலை. வீட்டுக்குள் புகுந்த திருடனைப் பிடிக்க வந்தவர்களே தட்டுமுட்டுச் சாமானை உடைத்த கதைதான்.

2005-06இல் இதே நோய் உலுக்கிய ரீயூனியன் தீவிலிருந்து 2010இல் இன்னொரு சான்று வந்தது. நோய் கண்டு பதினெட்டு மாதம் கழித்து ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வை எடுத்துப் பார்த்தபோது, மேக்ரோஃபேஜ்களுக்குள் வைரஸின் மிச்சம் இருந்தது. எல்லோருடைய நீண்ட வலிக்கும் இதுவே காரணம் என்று ஒருவரை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இரத்தத்தில் வைரஸ் இல்லையென்றால் நோயே முடிந்தது என்ற நினைப்பை அது கலைத்துவிட்டது.

அரசின் 13.9 லட்சத்தில் ஆச்சி இருந்தாளா தெரியாது. இருந்தாலும் ஒரு காய்ச்சலாகத்தான் இருந்திருப்பாள். அதற்குப்பின் சுவரைப் பிடித்து நடந்த நாட்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது. 1779க்காரர்களின் மூட்டுவலியை யாரோ எழுதிவைத்ததால்தான் கேரியால் நோயை அடையாளம் காண முடிந்தது. ஆச்சியின் வலியை நாங்கள் வயசின் கணக்கில் எழுதிவிட்டோம்.