ரங்கசாமி தூணும் ஒரு கணித மேதையும்

கோத்தகிரிக்குப் போறவங்க கோடநாடு காட்சிமுனையையும் ஒரு எட்டு பாத்துட்டு வருவாங்க. கீழே மாயாறு, எதிரே ரங்கசாமி மலை, பக்கத்தில் தனியாக நிற்கும் ரங்கசாமி தூண். காரமடையில் மனைவியோடு கோபித்துக்கொண்ட ரங்கசாமி இங்கே வந்து தங்கிவிட்டார் என்று இருளர் கதை ஒன்று உண்டு. அந்தத் தூணுக்கு இன்னொரு கதையும் இருக்குதுங்க.

1950 டிசம்பர் 13. ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் ஒன்று அந்தத் தூணுக்கு அருகே மலையில் மோதி நொறுங்கியது. டகோட்டா இரண்டு எஞ்சின் கொண்ட சிறிய விமானம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் உபரியாக விற்கப்பட்ட டகோட்டாக்களை வைத்துத்தான் நம் விமானக் கம்பெனிகள் பலவும் ஓடின. மலை நெருங்குகிறது என்று எச்சரிக்கும் கருவியெல்லாம் அப்போது கிடையாது. அதில் இருந்த யாரும் பிழைக்கவில்லை.

இறந்தவர்களில் ஒருவர் ஆபிரகாம் வால்ட், வயது 48. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவாற்ற வந்திருந்தார். கூடவே மனைவியும் இறந்துபோனார். பின்னாளில் சார்பியல் துறையில் பேர்பெற்ற அவர்கள் மகன் ராபர்ட் வால்டுக்கு அப்போது மூன்று வயது.

வால்ட் யூதர். வியன்னாவில் படித்தவர். ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938-இல் அமெரிக்கா போய்த் தப்பினார். குடும்பத்தில் பெரும்பாலோர் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்போம் இல்லையா? ஒரு சோறு போதுமா, இன்னொன்றும் பார்க்கணுமா என்று ஒவ்வொரு முறையும் எப்படி முடிவெடுப்பது? அதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தவர் வால்ட். தொழிற்சாலைகளில் சரக்கின் தரம் பார்க்க அந்த முறை பயன்பட்டது.

ஆனால் இன்று அவர் பேர் அடிபடுவது வேறொன்றுக்காக. போரில் குண்டு வீசித் திரும்பிய விமானங்களில் எங்கெங்கே ஓட்டை என்று பார்த்து அங்கே கவசம் போடலாம் என்று யோசிப்பது இயல்பு. வால்டின் 1943 குறிப்புகள் அதைத் திருப்பிப் போட்டன. ஓட்டையோடு திரும்பிவிட்டது என்றால் அந்த இடத்தில் அடி பட்டாலும் விமானம் தாங்கும். திரும்பிய விமானங்களில் ஓட்டை குறைவாக உள்ள இடம்தான் ஆபத்தான இடம். அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை. அவர் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் 400 விமானங்கள் போகின்றன, 380 திரும்புகின்றன. அந்த 380-ஐ வைத்து, வராத 20-க்கு என்ன ஆனது என்று கணித்தார். இணையத்தில் சுற்றும் சிவப்புப் புள்ளி விமானப் படம் அவர் வரைந்ததல்ல, வெகுகாலம் கழித்து வந்தது.

திரும்பி வராத விமானங்களைப் பற்றி யோசித்தவர் திரும்பி வராத விமானத்தில் போனார் என்று இதை எழுதி முடித்துவிடலாம். எனக்கு உறுத்துவது வேறு. அந்த டகோட்டாவில் பைலட் இருந்தார், மற்ற பயணிகள் இருந்தார்கள். புத்தகங்களில் நின்றது வால்ட் பேர் மட்டும்தான். நாம் எழுதும் வரலாறும் திரும்பி வந்த விமானங்களை மட்டும் எண்ணுவது போலத்தானோ?

அடுத்த முறை கோடநாடு போனால், தூணைப் பார்க்கும்போது அவர்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குங்க.